மலை ராஜா யாரும் வேண்டாம்

கல்வராயன் மலைக்கு சைக்கிளில் ஏற ஒரு குழு போட்ட திட்டம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எனக்கும் வந்தது. குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த மாதிரித் திட்டத்தை எல்லாருமேதான் போடுகிறார்கள். விடியுமுன் கள்ளக்குறிச்சியில் கிளம்புவது, கச்சிராயபாளையத்தில் டீ, கோமுகி அணை தாண்டி ஏற்றம், வெள்ளிமலையில் போட்டோ, வெயில் ஏறுவதற்குள் இறக்கம். சரிவு, கியர், தண்ணீர், பஞ்சர் கிட் எல்லாம் பக்கா. கடைசியில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இது சாராய மலை, வழியில் நிற்காதே, உள்ளூர் ஆளோடு பேச்சுக் கொடுக்காதே. இவ்வளவுக்கும் மேலே, மலையை வெல்லப்போவதாக ஒரு தலைப்பு.

எனக்குச் சண்டை அந்த எச்சரிக்கையோடும் தலைப்போடும்தான். கணக்கோடு சண்டை இல்லை. கணக்கு வேணும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பைச் சமாளிக்க மட்டுமே சுமார் 150 வாட் ஆகும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுதான் மிதிபடும், முட்டி பேசும். பின்னால் 34 பல் போட்டால் அறுபதைத் தாண்டும், மூச்சு சீராகும். 600 மீட்டர் உயரம் ஏறினால் உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய எட்டுப் பத்து இட்லி. இதையெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆனால் இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. அது ஐரோப்பாவிலிருந்து வந்த படம். அங்கே சாலை ஒரு கணவாய்க்கு ஏறும். உச்சியில் ஓர் உயரப் பலகை, காற்று, பனி. ஊர் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. பலகையைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கலாம். ‘வென்றேன்’ என்று சொன்னால் கேட்க அங்கே யாரும் இல்லை, சொல்லிக்கலாம். நம்ம ஊரில் கணவாய் என்றால் பாலக்காடும் செங்கோட்டையும். இரண்டு மலைக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் வழி. கல்வராயன் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது மேலே விரிந்து கிடக்கும் பீடபூமி. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சின்னது சராசரி 2,700 அடி, பெரியது 4,000 அடி என்பார்கள். ஏறி முடித்தால் நீங்கள் நிற்பது ஒரு தாலுகாவின் தலைநகரில். டீக்கடை, ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள். அடுத்தவர் ஊர் பஸ் ஸ்டாண்டில் வியர்வையோடு போய் நின்று ‘வென்றுவிட்டேன்’ என்று கத்தினால் அதற்கு என்னங்க அர்த்தம்?

ஸ்ட்ராவாவில் ஒரு ஏற்றத்தை எல்லாரையும் விட வேகமாக முடித்தவருக்கு ‘மலை ராஜா’ பட்டம். டூர் டி பிரான்ஸில் மலையேற்றத்துக்குத் தனிப் போட்டி 1933 முதல் இருக்கிறது, அந்த வழியில் வந்த பட்டம். பிரான்ஸில் அது விளையாட்டு. கல்வராயனில் நிஜமாகவே மலை ராஜாக்கள் இருந்தார்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று சொல்லி, சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் மலையைப் பங்கு போட்டு ஆண்டன. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் வெட்டி வேலையும் பார்த்தார்கள். நாடு விடுதலையாகி முப்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில், 1976-ல்தான் அந்த ஆட்சி முழுசாக முடிந்தது. அந்த மலையில் இன்னொரு ராஜாவா? வேண்டாம், போதும்.

‘சைக்கிள் ஓட்டுறவன் எதுக்கு ப்ரோ ஹிஸ்டரி படிக்கணும்?’ என்பீர்கள். நீங்கள் மிதிக்கும் ரோடே ஹிஸ்டரிதான். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் சீக்கிரமே நல்ல சாலை போனதற்குக் காரணம் அங்கே வெயிலுக்கு ஒதுங்கிய துரைகளும் அவர்களுடைய தோட்டங்களும். கல்வராயனில் துரைக்கு பங்களா இல்லை, சாலை போடச் சொல்லிக் கேட்கும் குரலும் இல்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70 என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். ஒரு மலைக்கு ஏன் சாலை தாமதமாக வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வழித்திட்டம் போடுகிறவர் எதை மறைக்கிறார் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1910-ல் டூர் டி பிரான்ஸை பைரனீஸ் மலைக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்க அல்ஃபோன்ஸ் ஸ்டைனெஸ் என்பவர் தூர்மலே கணவாய்க்குப் போனார். 2,115 மீட்டர். கார் பனியில் சிக்கியது. இருட்டில் நடந்து, விழுந்து, உயிர் தப்பி அந்தப் பக்கம் இறங்கினார். இறங்கியதும் பாரிசுக்குத் தந்தி அடித்தார்: சாலை பிரமாதம், தாராளமாகப் போகலாம். அந்த ஜூலையில் அந்த மலைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய ஒக்தாவ் லாபீஸ், அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார். ஸ்டைனெஸ் திட்டத்திலிருந்து பனியை அழித்தார். நம்ம ஆட்கள் மனிதர்களை அழிக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் மோசமாகத் தெரிகிறது.

இப்போ அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் 60 பேருக்கும் மேல் செத்தது மலையில் இல்லை. கீழே, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், கருணாபுரத்தில். கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலிலிருந்து டிரம் டிரம்மாக இறங்குகிற பொருள் இல்லை. மலையில் காய்ச்சுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊறலை அழிக்கப் போலீஸ் அடிக்கடி ஏறத்தான் செய்கிறது. ஆனால் நகரத்துச் சாவுக்கு ஒரு மலையின் பேரை வைத்துவிட்டு, அங்கே குச்சிக்கிழங்கு பிடுங்குகிறவரையும் கடுக்காய் பொறுக்குகிறவரையும் பார்த்துப் பேசாதே என்று எழுதினால் அது பாதுகாப்பு அறிவுரை ஆகாது. அவதூறு.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டது என்ன? சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன். நீங்கள் ‘சேலஞ்சிங்’ என்று சந்தோஷப்படும் அதே குண்டும் குழியும், பிரசவ வலியோடு இறங்கும் ஒரு பெண்ணுக்கு வேறு விஷயம்.

‘அப்போ ஏறவே கூடாதா?’ தாராளமாக ஏறுங்கள். சைக்கிள்காரன்தான் ஒரு சாலையை உடம்பால் படிக்கிறவன். ஜீப்பில் போகிற அதிகாரிக்கு ஒரு குலுக்கலோடு போய்விடும் பள்ளம், உங்களுக்கு மணிக்கட்டில் ஒரு வாரம் இருக்கும். அதனால் திட்டத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். சிவப்பு எழுத்தை எடுங்கள். மழைக்காலத்தையும் கோடையையும் விட்டு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கிழங்கு லாரி வந்தால் ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள், அது அவர்கள் வருஷச் சம்பாத்தியம். பத்து மணிக்குள் இறங்கியே ஆகணும் என்ற அவசரம் வேண்டாம். வெள்ளிமலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், காசு அங்கேயே இறங்கட்டும். முடிந்தால் கருமந்துறை வரைக்கும் போங்கள். வழியில் நின்று, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை தடவை வருது என்று கேளுங்கள். அவர்கள் பேசுவார்கள்.

திரும்பி வந்ததும் உங்கள் ஜிபிஎஸ் தடத்தை ஸ்ட்ராவாவில் ஏற்றுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கிலோமீட்டரில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்த வளைவில் தடுப்புச் சுவர் இல்லை, எல்லாம் தேதியோடும் போட்டோவோடும் உங்களிடம் இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019 நவம்பரிலிருந்து அந்த ஆபீஸ் மலையடிவாரத்துக்கு முன்பைவிடப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருபது பேர் ஹெல்மெட்டோடு போய் ஒரு மனு கொடுங்கள். மேலே சந்தித்தவர்களில் யாராவது வரத் தயாராக இருந்தால் மனுவை அவர் கையால் கொடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். மனு எழுதத் தமிழ் சரியா வரலைன்னா சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன்.