அட்டையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் இதழில் ரிமோட் கார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ரேடியோ கண்ட்ரோல் காருக்குள் இருப்பதும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். ரிசீவர் நம் கட்டளையை வாங்குகிறது. ஸ்பீடு கண்ட்ரோலரில் உள்ள சிப், அதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிறது. கீபோர்டில் காபி கொட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும்.

மழை விட்டதும் தேங்கிய நீரில் காரை ஓட்டிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் ஆசைதான். கடைக்காரரும் "வாட்டர்ப்ரூஃப் சார், ஒன்றும் ஆகாது" என்பார். அந்த வார்த்தையை அப்படியே நம்பக் கூடாது என்பது என் கருத்து. ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்தாலும் பாதிப்பு வரக்கூடாது என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. சேற்றிலோ கடல் நீரிலோ அல்ல. பல கார்களில் இந்தப் பாதுகாப்பு எலெக்ட்ரானிக்ஸ் பகுதிக்கு மட்டுமே. சக்கரத்தில் உள்ள பேரிங் துருப்பிடித்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உண்மையில் தூய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். அதில் கரைந்திருக்கும் உப்புதான் வில்லன். பவர் இருக்கும்போது ஈரம் பட்டால், போர்டில் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கார் நனைந்து நின்றுவிட்டால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. "ஓடுதா பார்க்கலாம்" என்று ஸ்விட்சைப் போடுவதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது. லேப்டாப்புக்கும் இதே விதிதான். என்னைப் போல ப்ரோகிராம் எழுதுபவர்கள் தவறைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அரித்துப்போன போர்டுக்கு 'அண்டூ' கிடையாது.

மோட்டாரைப் பொறுத்தவரை, பிரஷ்லெஸ் வகைக்குத் தண்ணீர் பெரிய எதிரி அல்ல. அதன் செம்புக் கம்பிகள் மேல் ஏற்கெனவே எனாமல் பூச்சு இருக்கிறது. பிரஷ் உள்ள மோட்டார் நனைந்தாலும் ஓடும். ஆனால் கார்பன் பிரஷ்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சீல் இல்லாத போர்டுக்கு 'கன்ஃபார்மல் கோட்டிங்' என்ற சிலிக்கான் அல்லது அக்ரிலிக் பூச்சு உண்டு. பூசும்போது கனெக்டர் முனைகள், ஸ்விட்ச், ஹீட் சிங்க் இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். ரிசீவரை பலூனுக்குள் நுழைத்து, வயர் வெளிவரும் இடத்தை இறுகக் கட்டுவது பழைய வித்தை. சிரிக்காதீர்கள், தெறிக்கும் நீரை அது நன்றாகவே தடுக்கும்.

ஓட்டி முடித்ததும் செய்யும் வேலைதான் நம் ஆட்கள் அலட்சியப்படுத்துவது. கடல் நீரோ சேறோ பட்டிருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட்டு, பேரிங்குகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம். 2024-ல் ஆப்பிள் நிறுவனமே, நனைந்த ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

லித்தியம் பேட்டரி நனைந்து உப்பியிருந்தால் காசைப் பார்க்காதீர்கள். அதைச் சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கக்கூடும்.

திருவிழாக் கடையில் வாங்கும் சாதாரண பொம்மைக் காருக்கு இத்தனை பாடு தேவையில்லை. அதில் சீல் எதுவும் இருக்காது. மழை நாளில் அலமாரியிலேயே இருக்கட்டும்.