மாதம் ஒரே ஊசி... 30 நாளும் மருந்து! எப்படி?

8 வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தொடங்கிவிடும் பெண் குழந்தைகளில் சிலருக்கு, அதை நிறுத்திவைக்க லியூப்ரோலைடு ஊசி போடுவார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். சாதாரண ஊசி என்றால் தினமும் குத்த வேண்டும். எந்தக் குழந்தை சம்மதிக்கும்?

அதற்குத்தான் மாத ஊசி. புராஸ்டேட் புற்றுநோய்க்காக 1989-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு குழந்தைகளுக்கும் வந்தது.

மருந்து கரைந்த நீரை, டைகுளோரோமீத்தேனில் கரைத்த பி.எல்.ஜி.ஏ என்ற பாலிமரில் ஊற்றி வேகமாகக் கலக்குகிறார்கள். அந்தக் கலவையை மறுபடி நீரில் கலக்கினால் நுண்ணிய துளிகளாகப் பிரியும். டைகுளோரோமீத்தேன் ஆவியானதும் ஒவ்வொரு துளியும் மருந்தைப் பூட்டிவைத்த துகளாகக் கெட்டியாகிறது. கலக்கும் வேகம்கூட முக்கியம். அது மாறினால் துகளின் அளவு மாறும், மருந்து வெளியேறும் வேகமும் மாறும்.

உடம்பிலுள்ள நீர் பாலிமரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க, மருந்து கசிந்துகொண்டே இருக்கும். பாலிமர் கடைசியில் லாக்டிக், கிளைகோலிக் அமிலங்களாகிவிடும். இரண்டையும் உடம்பே வெளியேற்றிவிடும். ஆபரேஷனில் போடும் தானாகக் கரையும் தையல் நூலும் இதே வகையறாதான்!

ஆனால், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வாமை இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்து முதலில் ஹார்மோனைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் அடக்கும். அதனால் முதல் ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்கு லேசான ரத்தப்போக்கு தெரியலாம். பயந்துபோய் அடுத்த ஊசியை நிறுத்திவிடாமல், டாக்டரிடம் கேளுங்கள். 'பரீட்சை முடியட்டும்' என்று தேதியைத் தள்ளிப்போட்டாலும், அடங்கிய ஹார்மோன் மறுபடி தலைதூக்கலாம்.