பழைய காரும் வீட்டுக் கணக்கும்

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் நமது இல்லத்துக்கு விஜயம் செய்தார். பனியன் தொழில் நடத்துபவர். "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிப் புதுப்பிக்கப் போகிறேன். கையில் பணம் கொஞ்சந்தான். உங்கள் அபிப்பிராயம் என்னங்க?" என்றார். மகளின் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்த தொகையில் கை வைத்துவிடுவாரோ என்ற கவலை அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது. ஆகவே நாம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நண்பர் ஆசைப்பட்டது 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதில் இருவருக்குத்தான் இடம். உதிரி உறுப்புகளோ கடல் கடந்து வர வேண்டும். "அதன் உறவினர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறாரே!" என்றோம். ஹெரால்டு என்னும் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்ததே ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியால் தயாரிக்கப்பட்டது. நான்கு கதவுள்ள ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே உண்டாயிற்று. குடும்பத்துடன் போய் வரலாம் அல்லவா?

சிக்கனக்காரர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அன்று. ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்னோக்கித் திறப்பதால், எஞ்சினை அணுகுவது சுலபம். தேய்ந்த உறுப்புகளைக் கடைந்து கொடுக்கக் கோவையிலும் திருப்பூரிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. துருப்பிடித்த அடிச்சட்டந்தான் பணத்தை விழுங்கும். வண்டியின் அடியில் படுத்து, சட்டத்திலிருந்து பக்கங்களுக்கு நீளும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே மினுக்கும் வர்ணத்தை நம்பலாகாது.

அடுத்தது காகிதம். 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்விதம் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது. பதிவுப் புத்தகம் இல்லாத வண்டி இனாமாகக் கிடைத்தாலும் விலை அதிகந்தான்!

பழைய யந்திரத்தைக் கண்டு அஞ்சாமை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளிடம் மனத்தைப் பறிகொடுத்தார். கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். முதலில் சேமிப்பு, பிறகு வாங்குவது, அப்புறம் கற்பது என்ற அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 2015-ல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட ஜீடி கார் காட்சிசாலையை வாங்குமுன் ஒருமுறை பார்த்து வருமாறும் நண்பருக்குச் சொன்னோம்.

"வண்டி விலை அளவுக்கு ரிப்பேருக்கும் தனியே பணம் இருந்தால் மட்டும் அச்சாரம் கொடுங்கள்" என்று முடித்தோம்.

"மகள் பணம் தனியா இருக்கட்டுங்க. மீதிக்கு நோட்டுப் போட்டு நானே கணக்கு எழுதறேன்" என்றார் அம்மாள்.

நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அம்மாளின் கட்சியில் சேர்ந்துகொண்டோம்.