அணிலுக்கு ஒரு சீசன்

போன ஞாயிற்றுக்கிழமை மிச்சிகனிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். இங்கே கார் கம்பெனியில் இருந்தவர், இப்போது டெட்ராய்ட் பக்கம். "மாமா, இங்கே அணில் சீசன் ஆரம்பிச்சாச்சு. பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியோட கிளம்பிட்டார். ஒரு நாளைக்கு அஞ்சுதான் சுடலாம்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ராமர் தடவின முதுகாச்சே, அதைப் போயா?" என்று பதறினாள். "அங்கே எல்லாம் ராமர் வரலை அத்தை, இந்த அணிலுக்கு முதுகுல கோடே கிடையாது" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் காலை ஏரிக்கரை டீக்கடையில் இதைச் சொன்னேன். வம்பாகிவிட்டது. ஒரு நண்பர் (அவரும் பென்ஷன்காரர்தான், மின்வாரியம்) உடனே, "நல்ல ஏற்பாடு சார். இங்கேயும் முயலுக்கும் கௌதாரிக்கும் சீசன் வெச்சு, ஆளுக்கு இத்தனைன்னு லைசென்ஸ் கொடுத்துட்டா திருட்டு வேட்டை தானா நின்னுடும்" என்றார். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சீசன் வைத்து வேட்டையாடுவது எனக்குப் புதிய சங்கதி இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு வேட்டைக் கதை சொல்வார். அவர்கள் நாட்டில் 1844லேயே சட்டம் போட்டு, அனுமதிச் சீட்டு இல்லாமலும், குறித்த தேதிக்கு முன்பும் சுடக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். அந்த முதல் நாளுக்கு 'ஊவெர்த்யூர்' என்று பெயர், நமக்குத் தீபாவளி மாதிரி. அணிலுக்குப் பிரெஞ்சில் 'எக்யூரோய்' என்று ஒரு சொல். அதைச் சரியாக உச்சரிக்காமல் நான் வாங்கிய குட்டுக்குக் கணக்கில்லை.

நண்பர் மறந்துவிட்டது, அந்த ஏற்பாடு இங்கேயும் இருந்தது என்பதைத்தான். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை லைசென்ஸ் உண்டு. மூடிய காலம் உண்டு. சூரியன் மறைந்தபின் சுடக்கூடாது, விளக்கு அடித்துச் சுடக்கூடாது, குட்டியையும் பெட்டையையும் தொடக்கூடாது. சுட்டதை எல்லாம் எழுதி வைத்துக் கணக்கு காட்ட வேண்டும். எழுத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது சில வருஷம் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் சீட் என்னிடம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் எழுதுவது 'பயிர் பாதுகாப்பு'. ஒரு பெரிய மனிதர் தன் காகிதக் கட்டோடு வேட்டைக் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். புரட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக் கணக்கு, ஒரே மை, ஒரே உட்காரலில் எழுதியது. அதிலிருந்த முயல் அத்தனையும் ஆண்! சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். 1991 திருத்தத்தில் அந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

அமெரிக்காவில் நடக்கிறதே என்றால், அங்கே பின்னால் ஒரு பெரிய நிர்வாகம் நிற்கிறது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் தனி வரி போட்டு, 1937ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் பணத்தை விலங்குகளுக்கே செலவழிக்கிறார்கள். கணக்கெடுக்க ஆள், வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்க்க ஆள். இங்கே ஏரிக்கு எத்தனை கௌதாரி என்று யாராவது எண்ணியதுண்டா? இருப்பே தெரியாமல் 'ஆளுக்கு ஐந்து' என்று எப்படிப் பற்று எழுதுவது?

இன்னொன்று. லைசென்ஸ் என்று வந்தால் அது காசுள்ளவனுக்குத்தான் கிடைக்கும். முன்பெல்லாம் எங்கள் தெருவுக்கு ஒரு நரிக்குறவப் பெரியவர் வருவார். கண்ணியில் சிக்கிய காடை, சில சமயம் அணிலும் கொண்டுவருவார். கக்குவான் இருமலுக்கு என்று என் அத்தை எனக்கே அணில் கறி ஊட்டியிருக்கிறாள், சொல்லாமல். அந்தப் பெரியவர், "குஞ்சு வெச்சிருந்தா விட்டுடுவோம் சாமி, அடுத்த வருசம் எங்க போறது?" என்பார். பாதி நம்பினேன். தடை வந்தபோது அவருடைய பிழைப்புதான் போனது. மாற்று ஏற்பாடு யாரும் செய்யவில்லை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பர் வரை ஆகியிருக்கிறது.

சரி, தடை இருந்தும் முயல் எங்கே? ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்கு ராத்திரி சைக்கிளில் போனால் டைனமோ வெளிச்சத்தில் முயல் கண் மின்னும். இப்போது அந்த முள்காடு கம்பெனிகளுக்கும் லாரி நிறுத்துமிடத்துக்கும் போய்விட்டது. சாலையில் நசுங்கிக் கிடக்கும் அணிலை நான்தான் தினம் காலை நடையில் பார்க்கிறேனே. இங்கே துப்பாக்கி கொன்றதைவிட ஜேசிபி கொன்றது அதிகம் என்பது என் கட்சி.

ஆகவே சீசன் வையுங்கள், ஜேசிபிக்கு வையுங்கள். கேலி இல்லை. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை; மீன் முட்டையிடும் காலம் என்று நிறுத்தி, மீனவருக்கு நிவாரணமும் கொடுக்கிறார்கள். கௌதாரி தரையில்தான் கூடு வைக்கும், பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள். நாமோ கோடையில்தான் ஏரிக்கரையைச் சுரண்டுகிறோம். தூர் வாருவது கோடையில்தான் முடியும், தெரியும். ஏரிக்குள் வாரட்டும். கரைச்சரிவுப் புதரையும் மேய்ச்சல் புறம்போக்கையும் அந்த மாதங்களில் தொடாமல் விடலாம் அல்லவா? கம்பெனிகள் புல்தரை போட்டுத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் கால் பங்கை முள்ளும் ஈச்சையுமாக விட்டால் செலவும் மிச்சம்.

மனு கொடுத்து என்ன ஆகும் என்பவர்களுக்கு: நமக்குத் தெற்கே வேடந்தாங்கலில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டுக் கவுல் வாங்கிவந்தார்கள். 1858லும் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மனு எழுதிவிட்டேன், இரண்டு பக்கம். திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். மின்வாரிய நண்பரும் வருகிறார், கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை, டிபனுக்கு வருகிறார். மற்றவர்கள் காலை எட்டு மணிக்கு டீக்கடைக்கு வந்துவிடுங்கள். ஆதார் நகல் ஒன்று கொண்டுவாருங்கள்.