தந்தியும் தன்னடக்கமும்

புதுமை என்றவுடன் ஆரவாரம் என்று பொருள்கொள்வார் நம்மிற் பலர். இசைத்துறையில் இம்மயக்கம் மிகுதி. அவ்வப்போது உள்ளத்தில் தோன்றுவதை அங்கேயே வாசிக்கும் புதுநெறி ஜாஸ் இசையைக் கேட்ட பெரியோர், "இஃது இசையா, இரைச்சலா?" என வினவுவர். மாணவரோ, கட்டுப்பாட்டை உதறுவதே சுதந்திரம் எனக் கருதிவிடுகின்றனர். இரு சாராரும் ஒரு தமிழரின் கிற்றார் வாசிப்பைக் கேட்டல் நன்று.

இந்நெறி அமெரிக்கக் கறுப்பின இசைவாணரிடையே வளர்ந்தது. ஓர்னெட் கோல்மன் என்பார் 1960இல் எண்மரைக் கூட்டி, ஏறத்தாழ 37 நிமிடம் தொடர்ந்து வாசித்த 'ஃப்ரீ ஜாஸ்' பெரும்பாலும் அப்போதே புனைந்தது. இங்கிலாந்தின் கிற்றார்க் கலைஞர் டெரெக் பெய்லி 1980இல் இத்தகைய கற்பனை இசைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் முதற்கண் ஆராய்வது இந்திய இசையையே! நமது ஆலாபனையும் கற்பனாசுரமும் மேடையிற் பிறப்பனவேயன்றோ? பழந்தமிழர் இதனை ஆளத்தி என்றனர்.

நாம் குறித்த கலைஞர் பிரசன்னா. இராணிப்பேட்டையிற் பிறந்தவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கப்பற் கட்டடவியல் கற்றவர், வயலின் மேதை கன்னியாகுமரி அவர்களிடம் கர்நாடக இசையும், பொஸ்ரன் நகரின் பேர்க்லி இசைக்கல்லூரியில் மேலையிசையும் பயின்றவர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர், தப்லாக் கலைஞர் நிதின் மித்தா ஆகியோருடன் இவர் வாசித்த 'தீர்த்தா' என்னும் இசைத்தொகுப்பு 2011இல் வெளியாயிற்று.

இம்மூவர் அரங்கில் ஜாஸ் குழுவுக்குரிய பெருந்தந்தி வாத்தியமும் இல்லை. மேலைநாட்டு முரசுத்தொகுதியும் இல்லை. பியானோவின் கட்டைகள் நிலைத்த சுரங்களையே தரும்; கமகம் அதற்கு எட்டாது. கிற்றாரிலோ தந்தியை இழுத்தும் வழுக்கியும் சுரத்தை அசைக்கலாம். ஆகவே தம் வல்லமை முழுவதையும் காட்டிப் பியானோவைப் பக்கவாத்தியமாக்கிவிடுதல் பிரசன்னாவுக்கு எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டு அசைத்து விட்டுவிடுகிறார்; மற்றவர் விடைக்குக் காத்திருக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நினைவாக 2006இல் முழக்கமான இசைத்தட்டொன்றை வெளியிட்டவர் இவரே என்பதை எண்ணினால், இவ்வடக்கம் இயலாமையன்று, தேர்ந்துகொண்ட நெறி என்பது விளங்கும்.

இது நமக்கு அந்நியமான பாடமன்று. பூரணை இரவிற் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பைக் காதோடு சேர்த்துப் பாடும் மீனைக் கேட்க முயல்வோர், முதலில் தம் பேச்சை அடக்குவர். கேட்கத் தெரிந்தவனே உடன் வாசிக்கத் தகுந்தவன்.

"பிள்ளை கிற்றார் பழகினால் நம் இசை போய்விடுமே" எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. வயலினும் கடல் கடந்து வந்ததே. மட்டக்களப்புப் பறங்கியரின் ஆடலிசையிற் கிற்றாரும் நெடுநாளாய்ச் சேர்ந்தொலிக்கிறது. காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள், தாம் கற்ற கணிதத்தையும் அறிவியலையும் துணைக்கொண்டு பழந்தமிழரின் நரம்புக் கருவியை ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை அளித்தார். பிறதுறைக் கல்வி அவர் தமிழிசையைக் குறைக்கவில்லை, கூர்மையாக்கிற்று.

ஆதலால் பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறித்தல் வேண்டா. ஒரு பண்ணையேனும் செம்மையாகப் பழகச் செய்க; பிறர் வாசிக்கையிற் பொறுத்திருக்கப் பழக்குக. அதன்பின் அவன் எந்த நாட்டு அரங்கில் அமர்ந்தாலும் நம் இசை அவனோடு செல்லும்.