எதற்காக இந்தக் கணக்கு?

வகுப்பில் அறுபத்து நான்கு மாணவர்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஆசிரியர் கூட்டச் சொன்னதும், ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டிலுள்ள வெவ்வேறு எண்களை ஒரே நேரத்தில் கூட்டுகின்றனர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் டேனியல் ஸ்லாட்னிக் தலைமையில் 1960-களில் திட்டமிடப்பெற்ற 'இல்லியாக் 4' என்னும் கணிப்பொறி இம்முறையிலேயே இயங்கியது. 256 கணக்கிடும் பகுதிகள் அமைக்க எண்ணினர். செலவு பன்மடங்கு பெருகவே, 64 மட்டுமே உருவாயின.

பணம் அளித்தது பாதுகாப்புத் துறை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பொறியின் பெரும்பகுதி நேரம் இராணுவக் கணக்குகளுக்கே செல்லும் என்னும் செய்தி 1970-இல் மாணவர் நாளிதழில் வெளிவந்தது. வளாகத்தில் கிளர்ச்சி மூண்டது. பொறிக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சமும் எழுந்தது. தன்னை உருவாக்கிய பல்கலைக் கழகத்தில் குடிபுகாமலே, 1972-இல் அது கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தை அடைந்தது. அங்கே விமானத்தைச் சுற்றியோடும் காற்றின் போக்கை ஆராயவும் அது பயன்பட்டது.

ஆகவே பொறியைப் பழிப்பதில் பொருளில்லை. ஓர் ஆணைக்கு அறுபத்து நான்கு பகுதிகளும் கேள்வியின்றிப் பணிந்தன, 'எதற்காக?' என்று கேட்டவர்கள் மாணவர்களே. இன்றைய கணிப்பொறிகளின் வேகம் அன்று கனவிலும் எண்ணாதது. ஆயினும் அக்கேள்வியை எந்தப் பொறியும் நமக்காகக் கேட்கப்போவதில்லை. பிள்ளைகளிடம் மதிப்பெண் எவ்வளவு என்று வினவும் நாம், கற்ற கலை யாருக்குப் பயன்படும் என்றும் வினவுவோமா?