முன்னணி அணிக்குச் சஹல் அப்துல் சமத் போதுமானவரா? எண்கள் சொல்வதும் சொல்லாததும்

சக்குபள்ளம் (இடுக்கி): தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மலைப்பகுதியில், ஏலக்காய்த் தோட்டங்கள் சூழ்ந்த சக்குபள்ளத்தில் தமிழும் மலையாளமும் இணைந்தே புழங்குகின்றன. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் நிறம் கேரளத்தின் இந்த மலைக்கோடிக்கும் அந்நியமானதன்று. அந்த அணி வளர்த்தெடுத்த தாக்குதல் நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமத், 2023-ஆம் ஆண்டு கொல்கத்தாவின் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் அணிக்கு மாறியபோது எழுந்த கேள்வி ஒன்று இன்றும் ஓயவில்லை. நாட்டின் முதன்மையான அணி ஒன்றில் நிலையான இடம் பெறும் அளவுக்கு அவர் தரமானவரா என்பதே அது.

இது ஒரு தனி வீரரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2027 ஆசியக் கோப்பைக்கான இறுதித் தகுதிச் சுற்றில் இந்திய அணி தனது முதல் ஐந்து ஆட்டங்களில் இரண்டு கோல்கள் மட்டுமே அடித்தது. 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றதும் தகுதி வாய்ப்பு முடிவுக்கு வந்தது. கோல் வாய்ப்புகளை உருவாக்கும் நடுக்கள வீரர்கள் இந்தியாவில் ஏன் அரிதாகவே உருவாகின்றனர் என்பதற்கான விடையின் ஒரு பகுதி சஹலின் பாதையில் இருக்கிறது.

அல் ஐனிலிருந்து கொச்சி வரை

1997-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் பிறந்தவர் சஹல். குடும்பத்தின் பூர்விகம் கண்ணூர் மாவட்டம் பையனூர். அமீரகத்தில் கால்பந்து பயிலத் தொடங்கி, பின்னர் கண்ணூர் பல்கலைக்கழக அணிக்கும், சந்தோஷ் கோப்பையில் கேரள அணிக்கும் ஆடினார். அங்கிருந்து பிளாஸ்டர்ஸ் அணிக்குத் தேர்வாகி, 2017-18 சீசனின் பிற்பகுதியில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் அறிமுகமானார்.

2018-19 சீசன் அவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது. பத்து அணிகள் பங்கேற்ற போட்டியில் பிளாஸ்டர்ஸ் ஒன்பதாம் இடத்தில் முடித்தபோதிலும், சீசனின் சிறந்த வளரும் வீரர் விருது சஹலுக்கே கிடைத்தது. பந்தைப் பெற்றுத் திரும்பும் நளினமும், நெருக்கடிக்கு நடுவே இரண்டு பேரைக் கடந்து செல்லும் துணிச்சலும் ரசிகர்களைக் கவர்ந்தன. ஜெர்மனியின் மெசூத் ஓசிலுடன் ஒப்பிட்டு, ‘இந்திய ஓசில்’ என்று அவரை அழைக்கத் தொடங்கினர். 2019 ஜூன் மாதம் தேசிய அணியிலும் இடம் கிடைத்தது.

இந்தப் பட்டப்பெயர் அவருக்குப் புகழைத் தந்த அளவுக்குச் சுமையையும் தந்தது. அந்தச் சீசனில் அவர் அடித்த ஐ.எஸ்.எல். கோல் ஒன்றே ஒன்று. சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராக வந்தது அந்தக் கோல். அழகாக ஆடுகிறார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்த அழகு ஆட்டத்தின் முடிவை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்கியது.

முதல் அளவுகோல்: கோல்களும் உதவிகளும்

தாக்குதல் நடுக்கள வீரரை மதிப்பிட முதலில் கணக்கில் கொள்ளப்படுபவை அவர் அடித்த கோல்களும், பிறர் கோலடிக்க அவர் கொடுத்த பந்துகளும்தாம். பிளாஸ்டர்ஸ் அணிக்காக 97 ஆட்டங்களில் களமிறங்கிய சஹல், 10 கோல்கள் அடித்தார். 9 கோல்களுக்கு உதவினார். ஏறத்தாழ ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு முறை மட்டுமே அவரது பங்களிப்பு கோலாக மாறியிருக்கிறது.

ஒப்பீட்டுக்கு, அவருக்குப் பட்டப்பெயர் தந்த ஓசிலையே எடுத்துக்கொள்ளலாம். 2015-16 இங்கிலாந்து பிரீமியர் லீக் சீசனில் ஆர்சனல் அணிக்காக ஆடிய ஓசில், அந்த ஒரே சீசனில் 19 கோல்களுக்கு உதவினார். சஹல் 97 ஆட்டங்களில் அடித்த கோல்களையும் செய்த உதவிகளையும் கூட்டினால் வருவதும் அதே 19 தான். இரண்டு போட்டிகளின் தரமும், உடன் ஆடிய வீரர்களின் தரமும் வெவ்வேறு என்பதால் இது நேரடியான ஒப்பீடாகாது. ஆயினும் ஒரு பெரிய அணி தனது தாக்குதலின் அச்சாணியாக வைத்திருக்கும் வீரரிடம் எதிர்பார்க்கும் பங்களிப்பு எத்தகையது என்பதை இது உணர்த்துகிறது.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 97 ஆட்டங்கள் என்பது 97 முழு ஆட்டங்கள் அல்ல. மாற்று வீரராக இறங்கி கடைசி இருபது நிமிடங்கள் ஆடியதும் ஓர் ஆட்டமாகவே கணக்கில் சேரும். எனவேதான் இன்றைய ஆய்வாளர்கள் ஆட்டங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, களத்தில் இருந்த 90 நிமிடங்களுக்கு எத்தனை வாய்ப்புகள் உருவாகின என்று பார்க்கின்றனர். சக வீரர் கோட்டைவிட்ட வாய்ப்பும் அதை உருவாக்கியவரின் கணக்கில் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இரண்டாம் அளவுகோல்: எங்கே நிறுத்தப்படுகிறார்?

சஹலின் கணக்கில் தனித்துத் தெரிவது 2021-22 சீசன். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் ஐ.எஸ்.எல். கோல் எதுவும் அடிக்காத அவர், இவான் வுகோமனோவிச்சின் பயிற்சியில் ஒரே சீசனில் ஆறு கோல்கள் அடித்தார். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி, அவர் அப்போது ஆடிய இடம். முன்கள வீரர்களுக்குப் பின்னால் நடுவில் நிற்கும் வழக்கமான ‘10-ஆம் எண்’ ஆட்டக்காரராக அவர் பெரும்பாலும் நிறுத்தப்படவில்லை. பக்கவாட்டு நடுக்களத்தில் தொடங்கி, உரிய நேரத்தில் பெனால்டி பகுதிக்குள் நுழையும் பொறுப்பு தரப்பட்டது. அணியின் தாக்குதலை இயக்கும் பணி உருகுவே வீரர் ஆட்ரியன் லூனாவிடம் இருந்தது.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, தெளிவான பணி தரப்பட்டால் சஹலால் கோலடிக்க முடியும். இரண்டாவது, படைப்பாற்றல் மிக்க இந்திய வீரருக்கு அவரது இயல்பான இடம் கிடைப்பது அரிது. ஐ.எஸ்.எல். அணிகள் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள் வரை பயன்படுத்தலாம் என்ற விதி 2021-22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஐந்து பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். இந்த இடங்களில் பெரும்பாலானவற்றை அணிகள் முன்களத்துக்கும் தாக்குதல் நடுக்களத்துக்குமே ஒதுக்குகின்றன. 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 சீசன்களிலும் அதிக கோல் அடித்தவருக்கான விருதை வென்ற அனைவரும் வெளிநாட்டினரே என்பது இந்தப் போக்கின் விளைவு.

மோகன் பகானுக்கு மாறிய பின்னரும் நிலை மாறவில்லை. ஹியூகோ பூமூஸ், திமித்ரி பெட்ராடோஸ், பின்னர் கிரெக் ஸ்டூவர்ட் எனப் பெயர்பெற்ற வெளிநாட்டுத் தாக்குதல் வீரர்கள் நிறைந்த அணி அது. அங்கே சஹல் பக்கவாட்டிலும், சில நேரங்களில் நடுக்களத்தில் சற்றுப் பின்தள்ளியும் ஆட வேண்டியிருந்தது. ஒரு வீரரை அவருக்கு உரிய இடத்தில் ஆடவிடாமல், அந்த இடத்துக்கான எண்களைக் கொண்டு அவரை மதிப்பிடுவது நியாயமாகாது.

மூன்றாம் அளவுகோல்: பெரிய ஆட்டங்கள்

முன்னணி அணிகள் வீரர்களை வாங்குவது ஒரு சில ஆட்டங்களுக்காகவே. அரையிறுதியிலும் இறுதியிலும், மணித்துளிகள் கரையும் வேளையிலும் எவர் முடிவை மாற்றுகிறார் என்பதே அங்கு கேள்வி. சஹலுக்கு ஆதரவான வலுவான சான்றுகள் இங்குதான் உள்ளன.

2022 மார்ச் மாதம் ஜாம்ஷெட்பூர் அணிக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பிளாஸ்டர்ஸ் 1-0 என வென்றது. அந்த ஒரே கோல் சஹலுடையது. அதே ஆண்டு ஜூன் மாதம் கொல்கத்தாவில் நடந்த ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில், ஆப்கானிஸ்தான் 88-ஆம் நிமிடத்தில் கோலடித்துச் சமன் செய்தது. மாற்று வீரராக இறங்கியிருந்த சஹல், கூடுதல் நேரத்தில் கோலடித்து இந்தியாவுக்கு 2-1 என்ற வெற்றியைத் தேடித் தந்தார். 2023 தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் குவைத்துக்கு எதிராக லாலியன்சுவாலா சாங்டே அடித்த சமன் கோலுக்குக் கடைசிப் பந்தைக் கொடுத்தவரும் அவரே.

மோகன் பகானிலும் இது தொடர்ந்தது. 2024 ஏப்ரல் மாதம் ஒடிசா அணிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நேரத்தில் அவர் அடித்த கோல், 3-2 என்ற மொத்தக் கணக்கில் அணியை இறுதிக்கு அழைத்துச் சென்றது. அதே ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதியில் அவரது கோலால் அணி 2-0 என முன்னிலை பெற்றது. எனினும் நார்த் ஈஸ்ட் யுனைடெட் சமன் செய்து, பெனால்டி ஷூட் அவுட்டில் கோப்பையை வென்றது. 2025 ஏப்ரல் மாதம் சூப்பர் கோப்பை காலிறுதியில், தன்னை வளர்த்த பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராகவும் அவர் கோலடித்தார். மோகன் பகான் 2-1 என வென்றது.

ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு முறை மட்டுமே பங்களிக்கும் வீரர் என்ற கணக்கு பிளாஸ்டர்ஸ் ஆட்டங்களை மட்டுமே சார்ந்தது; இந்தத் தருணங்களில் ஜாம்ஷெட்பூருக்கு எதிரான கோல் மட்டுமே அதில் அடங்கும். எந்த ஐந்தில் எந்த ஒன்று என்பதை அந்தச் சராசரி சொல்வதில்லை.

நான்காம் அளவுகோல்: களத்தில் இருப்பது

அவருக்கு எதிரான வலுவான வாதம் திறமை பற்றியதன்று, உடல்தகுதி பற்றியது. 2022-இல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோலடித்த அவர், காயத்தால் இரண்டாவது ஆட்டத்திலும் இறுதியிலும் ஆடவில்லை. ஹைதராபாத்துக்கு எதிரான அந்த இறுதியாட்டம் 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் பிளாஸ்டர்ஸ் தோற்றது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையிலும் காயம் காரணமாக முதல் இரண்டு ஆட்டங்களை அவர் தவறவிட்டார். அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற இந்தியா, ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

பந்து இல்லாத வேளையில் செய்ய வேண்டிய பணியும் இதனுடன் சேர்ந்தது. பந்தை இழந்த உடனே எதிரணிக்கு நெருக்கடி கொடுப்பதும், தற்காப்பு வரிசைக்குத் துணையாகப் பின்னோக்கி ஓடுவதும் இன்றைய தாக்குதல் நடுக்கள வீரருக்கும் கட்டாயப் பணிகள். ஓசிலின் பிற்கால ஆட்டத்தின் மீது எழுந்த விமர்சனமும் இதைச் சுற்றியே அமைந்தது. சஹல் பக்கவாட்டில் ஆடிப் பழகியது இந்த வகையில் அவருக்கு நன்மையே செய்தது. பின்னோக்கி ஓடும் உழைப்பு கூடியது. ஆனால் அதற்கான விலையாக, கோல் பகுதிக்கு அருகே பந்தைத் தொடும் வாய்ப்புகள் குறைந்தன.

அணியும் ஆளும் பொருந்துவது

ஒரு வீரர் தரமானவரா என்ற கேள்வியும், ஓர் அணிக்குப் பொருந்துவாரா என்ற கேள்வியும் வெவ்வேறானவை. 2018 ஜனவரியில் லிவர்பூல் அணியிலிருந்து பெருந்தொகைக்கு பார்சிலோனா வாங்கிய பிலிப் கூட்டின்யோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லிவர்பூலில் ஆட்டத்தின் மையமாக இருந்த அவருக்கு, மெஸ்ஸி இயக்கிய பார்சிலோனாவில் இடம் அமையவில்லை. அவரது கால் திறமை ஓர் ஆண்டில் மறைந்துவிடவில்லை. அவர் ஆட வேண்டிய இடத்தில் வேறொருவர் இருந்தார் என்பதே உண்மை.

இந்த நோக்கில் பார்த்தால், 2023 ஜூலையில் நடந்த மாற்றத்தை இரு அணிகளும் தத்தம் தேவைக்கேற்பவே செய்தன. பிளாஸ்டர்ஸ் தற்காப்பு வீரர் பிரீதம் கோட்டாலையும், வெளியிடப்படாத ஒரு தொகையையும் பெற்றது. மோகன் பகானோ, வெளிநாட்டு வீரர்களுக்கான வரம்புக்குள் நின்றுகொண்டே தாக்குதலின் ஆழத்தைக் கூட்டிக்கொண்டது. அதன்பின் 2023-24, 2024-25 ஆகிய இரு சீசன்களிலும் அந்த அணி ஐ.எஸ்.எல். லீக் கேடயத்தை வென்றது. 2025 ஏப்ரலில் பெங்களூருவை வீழ்த்தி ஐ.எஸ்.எல். கோப்பையையும் கைப்பற்றியது.

தீர்ப்பு என்ன?

சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. நாட்டின் முன்னணி அணியில் இடம்பெறும் தகுதி சஹலுக்கு உண்டு. பட்டங்களை வெல்லும் அணியில், இறுக்கமான ஆட்டங்களைத் திறக்கும் வீரராக அவர் அதை நிரூபித்தும் இருக்கிறார். ஆனால் அணியின் தாக்குதல் முழுவதையும் சுமக்கும் அச்சாணி என்று அவரைச் சொல்ல, இதுவரையிலான கோல்களும் உதவிகளும், தொடர்ந்து களத்தில் இருந்த காலமும் போதுமானவையாக இல்லை.

அதேவேளை, அந்த அச்சாணிப் பொறுப்பு அவரிடம் தொடர்ச்சியாக ஒப்படைக்கப்பட்டதும் இல்லை. அணிகளைப் பொறுத்தவரை இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவே. அடுத்த வாரமே வெல்ல வேண்டிய பயிற்சியாளர், அனுபவம் மிக்க வெளிநாட்டு வீரரையே நம்புவார். ஆனால் தேசிய அணிக்கு அந்த வசதி இல்லை. கிளப் ஆட்டங்களில் ஓரத்தில் நின்று பழகியவரிடம், இந்தியச் சீருடை அணிந்தவுடன் நடுவில் நின்று ஆட்டத்தை இயக்குமாறு கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து தகுதி ஆட்டங்களில் இரண்டே கோல்கள் என்ற கணக்குக்குப் பின்னால் இந்த முரண்பாடும் உள்ளது.

முப்பதை நெருங்கும் வயதில் சஹலின் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிட்டது. கண்ணூரிலோ இடுக்கியிலோ எல்லைக்கு இப்பாலுள்ள தேனியிலோ இன்று பந்தை அழகாகத் திருப்பும் ஒரு சிறுவனுக்கு அந்த இடம் பத்தாண்டுகளில் கிடைக்குமா என்பதற்கான விடை, அணிகள் யாரை நடுவில் நிறுத்தத் துணிகின்றன என்பதைப் பொறுத்தே அமையும்.